கரித்தூள் போடாத சீரம்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பேர். பதினெட்டு வருஷமாக மனிதக் கல்லீரலின் புற்றுநோய்ச் செல்களைக் குடுவையில் வளர்ப்பவள். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். கூடப் பிறந்த தம்பிக்கு வந்திருப்பதும் இதே சனியன்தான் என்பதால், திட்டிக்கொண்டேதான் ஊற்றுவாள்.

தம்பி உடம்பை முறுக்கேற்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவன். கட்டி என்று தெரிந்து, மருத்துவர் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. "உன் ஆபீஸ்ல நிரூபிச்சுக் காட்டு, விட்டுடறேன்" என்று வீம்பு பேசினான்.

எங்கள் தலைவரின் ஆராய்ச்சியும் அதுதான். ஹார்மோன் விட்டால் இந்தச் செல்கள் வேகமாக வளர்கின்றனவா? பாதிக் கிண்ணங்களில் ஹார்மோன், பாதியில் கிடையாது. ஆனால் செல்களுக்கு உணவாக ஊற்றும், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்திலேயே ஹார்மோன் உண்டு. கரித்தூள் கலந்து அந்த ஹார்மோனை முதலில் எடுத்துவிட வேண்டும். ஒன்றரை நாள் வேலை. தலைவருக்கோ மாநாட்டு அவசரம்.

"அப்படியே ஊத்தும்மா."

"ரெண்டு பக்கமும் ஹார்மோன் இருக்கும் சார். வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

ஊற்றினாள். பக்கத்து மேசையில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எல்லாக் கிண்ணங்களும் ஒரே மாதிரி வளர்ந்தன. ஹார்மோனுக்குப் பங்கில்லை என்று அறிக்கை போட்டு, இணையத்திலும் ஏற்றி, மாநாட்டில் கைதட்டலும் வாங்கி வந்தார் மனுஷன்.

அவள் விடவில்லை. மாசக்கணக்கில் சாப்பாட்டு வேளைகளில் தனியாக உட்கார்ந்து, கரித்தூள் போட்ட சீரத்தில் மறுபடி செய்தாள். ஹார்மோன் விட்ட செல்கள் இரண்டு மடங்கு பெருகியிருந்தன. அவற்றைப் படமெடுத்து, படங்களைத் தலைவர் மேசையில் வீசினாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"அதுவரைக்கும் யாரு சார் இருக்கப் போறா?" அவள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது.

படங்களை அள்ளிக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் படுத்திருந்தான். "ஊசியை விட்டுடுடா" என்று படங்களை நீட்டினாள். அவன் பார்க்கவே இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து எங்கள் அறிக்கையை எடுத்தான்.

"உங்க தலைவரு யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. கடைசிப் பக்கத்துல, சோதனையைச் சரிபார்த்ததுன்னு உன் கையெழுத்து இருந்துச்சு. அதை நம்பித்தான் இத்தனை மாசமும் போட்டுக்கிட்டேன்."