உட்கார்ந்து பார்க்கிற வேலை

அப்பாவுக்கு முதல்முறை நெஞ்சு வலித்தபோது எங்கள் வீட்டில் அதற்கு வாயு என்று பெயர். இலஞ்சியில் யாருக்கு எங்கே பிடித்தாலும் வாயுதான். ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தார், பூண்டைச் சுட்டுத் தின்று பார்த்தார். வலி போன பாடில்லை.

அப்பாவுக்குக் கூரை போடுகிற வேலை. சாரல் விழுமுன் குற்றாலத்துச் சீசன் கடைகளுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மாற்றுவார்கள். காண்டிராக்டர் அண்ணாச்சியிடம் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஷீட்டைச் சுமந்துகொண்டு ஏணியேறுவது அப்பாவின் பங்கு.

வைத்தியம் சொன்னது பெரிய மாமா. "அருவில போயி முதுகக் காட்டி நில்லும், மாப்ளே. தண்ணி அடிக்கிற அடியில வாயு எங்கன போச்சுன்னே தெரியாது."

ஐந்தருவியில் அன்றைக்கு நல்ல தண்ணீர். எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் மாற்றுவேட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். மாமா அப்பாவின் தோளைப் பிடித்து, தண்ணீர் கனமாக விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். தங்கச்சி மாப்பிள்ளைக்கு அவ்வளவு உபசாரம். வெளியே வரும்போது அப்பாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. குளிர் என்று நினைத்து நான் துண்டைப் போர்த்திவிட்டேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். அம்மாவால் நம்ப முடியவில்லை. "பீடி குடிக்க மாட்டாவ, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, அவியளுக்கு எப்படி வரும்?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். டாக்டர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்: இனிச் சுமை தூக்கக் கூடாது.

சுமை தூக்காவிட்டால் அப்பாவுக்கு என்ன வேலை இருக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான். அப்போது அண்ணாச்சியே வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. "இனிமே நீரு சுமக்க வேண்டாம்வே. நெழல்ல உக்காந்து மிஷின வச்சு ஷீட்ட அறுத்துக் குடும், போதும்" என்றார். அம்மா அழுதேவிட்டாள்.

லீவு நாளில் சோறு கொண்டுபோவேன். மிஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அப்பாவின் புருவம், மீசை, மூக்குத் துவாரம் எல்லாம் ஷீட்டுத் தூசி படிந்து வெள்ளையாக இருக்கும். நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். தலையைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார். ஏணியில்லை, சுமையில்லை, வெயிலில்லை. மாமாவே கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

அந்தத் தூசி நுரையீரலோடு நிற்பதில்லை, இருதயத்துக்கும் ஆகாது என்பதெல்லாம் நான் நர்ஸ் வேலைக்குப் படித்தபோது தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் முருகன், இலஞ்சிக் குமாரரைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் போய், அப்பாவுக்கு இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன். நிலைத்தது. நாலாவது வருஷம், இரண்டாவது வலி வந்த அன்று காலைவரை அப்பா ஷீட்டு அறுத்துக்கொண்டுதான் இருந்தார்.