கிருமியக்காவின் ஐஸ் யோகட்

இரணைமடுப் பக்கத்தில் விமலேஸ்வரி என்று கேட்டால் வீடு காட்டமாட்டார்கள். கிருமியக்கா என்று கேட்க வேண்டும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் சுகாதாரத் தொண்டராகத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லித் திரிந்தவள், ஊர் திரும்பிய பிறகும் அந்த உத்தியோகத்தை விடவில்லை. சம்பளம் நின்றதை அவள் ஒரு காரணமாகவே எடுக்கவில்லை. கலியாண வீட்டில் மோர் நீட்டினாலும், "தண்ணி கொதிச்சதோ?" என்று கேட்ட பிறகுதான் கை நீளும்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு தொண்டு நிறுவனம் கிருமி விற்கும் வேலையைக் கொடுத்தது.

விமலேஸ்வரி இருந்த மாதர் சங்கத்துக்கு ஒரு பிறீசர் வந்தது. கூடவே ஐஸ் யோகட் செய்து விற்கப் பயிற்சி கொடுக்கத் தாட்சாயினி என்ற பிள்ளையும் வந்தாள்.

"அக்கா, இந்த ஐஸ் யோகட்டில புறோபயோட்டிக் இருக்கு. உயிருள்ள பற்றீரியா. செமிபாட்டுக்கு நல்லது. அன்டிபயோட்டிக் குடிச்சுக் குழம்பின வயிறும் கொஞ்சம் சீராகும். குளிரில கனக்கச் சாகாது, உறங்கும்."

"அப்ப எதில சாகும்?"

"கொதிச்சால் சாகும்."

பயிற்சி முழுவதிலும் விமலேஸ்வரி அந்த ஒரு வரியைத்தான் பத்திரப்படுத்தினாள்.

மாதக் கடைசியில் தாட்சாயினி வந்து பார்ப்பாள். சனம் வாங்கிச் சாப்பிட்டால் பிறீசர் இங்கே நிற்கும். இல்லாவிட்டால் புளியங்குளத்துச் சங்கத்துக்குப் போய்விடும். நெடுநாளைக்குப் பிறகு கைக்கு வந்த உத்தியோகம்; விமலேஸ்வரி அதை விடுவதாயில்லை.

அந்த நாளும் வந்தது. தாட்சாயினி கப்பும் கரண்டியுமாக நிற்க, சனம் பிறீசரைச் சுற்றிக் கூடியது. கொதிக்காத தண்ணீர் குடித்து முகாம் காலம் முதல் அவளிடம் ஏச்சு வாங்கிய வயல்கார அப்புத்துரை முன்னால் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, அண்டைக்குக் கிருமி ஆளைக் கொல்லும் எண்டாய். இண்டைக்குக் கப்பில போட்டு விக்கிறாய்?"

சனம் ஓரடி பின்வாங்கியது. பிறீசர் லொறியில் ஏறுவது விமலேஸ்வரியின் கண்ணுக்குள் தெரிந்தது.

"பயப்பிடாதேங்கோ அம்மான்! ஒண்டும் உயிரோட இல்லை. யோகட்டை நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் பிறீசருக்க வைச்சனான்!"

கரண்டியை வாயில் வைத்திருந்த தாட்சாயினிக்கு, யோகட் ஏன் மணல் மாதிரி நறநறக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

"ஐயோ அக்கா! நீங்கள் சோத்தோட தயிர் சாப்பிடுறேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனான்."

"அதுவும் பற்றீரியாதான். அது இல்லாட்டிப் பால் தயிராகாது."

விமலேஸ்வரி கதிரையைத் தேடி அமர்ந்தாள். இதுவரை சாப்பிட்ட தயிரை விரல் விட்டு எண்ணப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லையே..."

"உன்னைக் கொல்லவுமில்லையே பிள்ளை," என்றார் அப்புத்துரை.

தாட்சாயினி ஒரு கிழமை தவணை கொடுத்தாள். பாலைக் கொதிக்க வைக்கலாம், உறை ஊற்றிய பிறகு அடுப்புப் பக்கம் போகக்கூடாது. அடுத்த கிழமை யோகட் வெண்ணெய் மாதிரி வந்தது. ஆனால் ஒருவரும் கை நீட்டவில்லை.

"முதல் நீ சாப்பிடு," என்றார் அப்புத்துரை.

விமலேஸ்வரி கசாயம் குடிப்பவள்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கினாள். இரண்டாவது கரண்டிக்குக் கண் திறந்திருந்தது. மூன்றாவதைக் கண்டதும் சனம் நெருக்கத் தொடங்கியது.

பிறீசர் இரணைமடுவிலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கின்றன. கை கழுவாதவருக்குக் கப் இல்லை. அப்புத்துரைக்கும் இல்லை.

"உள்ளுக்க கோடிக்கணக்கில கிருமி கிடக்காம், பிறகேன் பிள்ளை கையைக் கழுவச் சொல்லுறாய்?"

"அது சங்கத்தின்ர கிருமி அம்மான். உங்கட கையில இருக்கிறது எங்க திரிஞ்சதோ, ஆர் கண்டது?"