கட்டை ஸ்கீயும் ஒரு தொங்கு கதிரையும்

"அண்ணை, மிச்சம் எங்கை?"

போன செவ்வாய்க்கிழமை, நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஒரு பனிச்சறுக்குக் குன்றின் அடிவாரத்தில், ஜெயக்குமார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சுகம் கேட்கவில்லை. என் கால்களில் பூட்டியிருந்த ஸ்கீக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த மிச்சம்?" என்றேன்.

"ஸ்கீயின்ரை மிச்சந்தான். பாதியைத்தானே போட்டிருக்கிறியள். மற்றப் பாதி காருக்கை கிடக்கோ?"

ஜெயக்குமார் எங்களுக்குத் தெரிந்தவர்; ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் இருக்கிறார். நல்ல மனிதர் – இதை அவரே உங்களுக்குச் சொல்வார். அவர் வாங்குவது எல்லாமே ஒரு சைஸ் பெரிது. இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் ஐந்து படுக்கையறை. கோயில் அன்னதானத்துக்கே போதுமான ரைஸ் குக்கர். ஸ்கீயும் அப்படித்தான். அதைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடந்து வரும்போது, சூரன்போருக்குப் புறப்பட்டவர் போலவே இருக்கும்.

என்னுடையதை நிமிர்த்தினால் நெஞ்சு மட்டத்தோடு நின்றுவிடும். கட்டை ஸ்கீ. தூரத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளையுடையதைக் களவாகப் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி.

அறுபத்தேழு வயதில், பென்சன் எடுத்த ஒரு மனிதன், இந்தக் கோலத்தில் பனிக்குள் வந்து நிற்பானேன்? காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர் பத்மா.

பழைய வாசகர்களுக்குப் பத்மாவைத் தெரியும். என் மனைவி. இந்தப் பத்தியை ஒவ்வொரு வாரமும் வாசித்துவிட்டு, "உது அப்பிடி நடக்கேல்லை" என்று சொல்பவர்.

நாங்கள் இங்கே, ஒன்ராறியோவில், குடும்பம் நடத்திய முறையை இங்கு பிறந்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். நான் பகல். பத்மா இரவு. மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கவேண்டும் – ஒருவர் மட்டும். கார் ஒன்றுதான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் விடிய வந்து இறங்குவார் பத்மா. இருக்கைச் சூடு ஆறுவதற்குள் நான் ஏறிக் கந்தோருக்குப் போய்விடுவேன். "சோறு அடுப்பிலை. பிள்ளைக்கு இருமல். பெற்றோல் இல்லை." இதுதான் எங்கள் காதல் வசனம்.

வருடக்கணக்காக ஒருவர் விட்ட சூட்டில் மற்றவர் உட்கார்ந்தோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

பிறகு இரண்டு பேருக்கும் பென்சன் வந்தது. அப்போதுதான் தெரிந்தது – பக்கத்தில் இருக்க எங்களுக்குத் தெரியாது. நான் வந்து சோபாவில் உட்கார்ந்தால் பத்மா எழும்பிவிடுவார். அவர் வந்தால் நான். கோபம் ஒன்றுமில்லை... ஷிஃப்ற் பழக்கம்.

மகள் இதைக் கவனித்திருக்க வேண்டும். போன வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்கீ வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் பின்னேர வகுப்பு ஒன்றும் காலை வகுப்பு ஒன்றுமாகப் பிரித்து எடுத்திருப்போம்.

பத்மாவுக்குச் சறுக்கல் முதல் நாளே கைவந்துவிட்டது. "முந்திப் பழகினீர்களா?" என்று பயிற்றுநர் கேட்டார். மெழுகு பூசிய நடைகூடங்களில் இரவிரவாகச் சக்கரக் கதிரை தள்ளிய கால்கள் அவை. சறுக்கும் தரையில் நிற்பது அவருக்குப் புதிது அல்ல.

நான் பழகுகிற முறை வேறு. மாகாண அரசின் ஒரு கந்தோரில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தே காலம் போக்கியவன். விதிமுறையை வாசிக்காமல் ஒரு மின்குமிழைக்கூட மாற்றமாட்டேன். குன்றின் மேலே கொண்டுபோகும் லிஃப்றில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது, விழுந்தால் எந்தப் பக்கமாக எழும்புவது – எல்லாம் பாடம். கீழே போய்க்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, மேலேயிருந்து வருபவர்தான் விலகவேண்டும் என்பதும் தெரியும். மேலேயிருந்து வந்தவர்கள்தான் அதை வாசித்திருக்கவில்லை.

ஸ்கீயின் நீளத்தைப் பற்றியும் வாசித்தேன். பழகுகிறவருக்கு நாடியளவு, அதாவது மோவாய் மட்டம், போதும், அதைவிடக் கட்டை என்றாலும் நல்லது – எங்கு பார்த்தாலும் இதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பிறகு, ஒரு பள்ளி மண்டபத்தில் பழைய ஸ்கீ விற்பனைக்குப் போனேன். கட்டை, நெட்டை எல்லாம் ஒரே விலை.

படித்ததெல்லாம் வாசலோடு போய்விட்டது. ஒரே காசுக்கு நீளமானது கிடைக்கும்போது கட்டையானதை வாங்க எனக்கு என்ன விசரா? இருந்ததில் நீளமான சோடியைப் பொறுக்கி எடுத்தேன். வேறு யாரும் பறித்துவிடுவார்களோ என்று கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். யாரும் பறிக்க வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் விரல் நுழைகிற இடம் விட்டுத்தான் வாங்குவோம் – பிள்ளை வளரும். சரி... அறுபத்தேழு வயதில் நான் எந்தப் பக்கமாக வளரப் போகிறேன்?

அந்த ஸ்கீ திரும்பாது. நான் இடது பக்கம் திரும்பத் தீர்மானித்தால், என் தீர்மானம் மேலிடத்துக்குப் போய், பரிசீலிக்கப்பட்டு, பதில் வருவதற்குள் வேலி வந்துவிடும். முன்நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ விழுந்தபோது வலது முழங்கால் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சொல் சொல்லிற்று. "எனக்கு இது காணும்" என்று ஸ்கீயைக் கழற்றினேன்.

அதன்பிறகு என் இடம், உணவகத்தின் பெரிய கண்ணாடி ஜன்னலோரம். கையில் கோப்பி. வெளியே பத்மா.

அங்கே இருக்கும் லிஃப்ற் இரண்டு பேர் உட்காரும் தொங்கு கதிரை. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் இருக்காது. பத்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து மேலே போவார். மற்றப் பக்கம் வெறுமை. பனி கொட்டுகிற நாட்களில் அந்த வெறும் பாதியில் பனி வந்து உட்காரும். மெதுவாக, அவசரமில்லாமல், பத்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மரங்களுக்கு மேலாகப் போய் வெள்ளைக்குள் மறைந்துவிடும். சத்தமே இல்லாமல் நடக்கும் இது. அடுத்த கதிரை வரும்... அதற்கடுத்தது வரும்... கோப்பி ஆறிவிடும்.

அந்தக் கதிரையில் ஒருதரம் ஏறிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. சறுக்க அல்ல. சும்மா ஏற.

விசாரித்தேன். காலில் ஸ்கீ இல்லாத ஆளை ஏற்றமாட்டார்கள். ஏறினவர் சறுக்கித்தான் இறங்க வேண்டும். குறை சொல்ல முடியாத விதி. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இந்த ஜனவரியில் ஒருநாள், வீட்டுக்குத் திரும்பும் வழியில், பத்மா சொன்னார்:

"இஞ்சேருங்கோ, நானும் உதை விடப்போறன்."

"ஏன்? உமக்கு நல்லாத்தானே வருது."

"வருது. ஆனா மேலை ஏறேக்கை திரும்பிப் பார்த்தால் நீங்கள் கண்ணாடிக்குள்ளாலை பார்த்துக்கொண்டு இருக்கிறியள். முதியோர் ஹோமிலை ஆரையோ விட்டிட்டுப் போறமாதிரிக் கிடக்கு."

"நான் கோப்பி குடிச்சுக்கொண்டு சந்தோசமாயெல்லோ இருக்கிறன்."

"அங்கை இருந்த ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுறவை."

காரின் வைப்பரைக் கொஞ்சம் வேகமாக்கினேன். அறுபது வயது கடந்தபின் ஒரு மனுசிக்கு முதன்முதலாக ஒரு விளையாட்டுப் பிடித்திருக்கிறது. அதை என்னுடைய ஒரு மலிவுச் சாமான் கெடுக்கப் போகிறது.

"ஒரு கிழமை தாரும்" என்றேன்.

முதலில் ஸ்நோபிளேட் என்பதை வாடகைக்கு எடுத்து, பத்மாவுக்குச் சொல்லாமல், குழந்தைகள் பழகும் சரிவில் போட்டுப் பார்த்தேன். ஒரு மீற்றர்கூட இல்லாத பலகைகள். ஊன்றுகோல்கூடத் தேவையில்லை.

என்ன சொல்ல... திரும்ப நினைத்தேன், திரும்பிவிட்டது. மற்றப் பக்கம் நினைத்தேன், அதுவும் நடந்தது. விண்ணப்பம் இல்லை, பரிசீலனை இல்லை. மெல்லிய வெயில், மாவு மாதிரிப் பனி, கீழே என் நிழல் எனக்கு முன்னால் வளைந்து வளைந்து போகிறது. கொஞ்ச நேரத்துக்கு எனக்கு முழங்கால் இருப்பதே மறந்துவிட்டது.

அந்த மயக்கத்தில் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். அந்தப் பலகைக்குப் பின்பக்கம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மல்லாக்க விழுந்தேன். நான் எடுத்த சோடியில் சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டு விழுந்தாலும் கழலாத வகை. பலகை ஒரு பக்கம் திரும்ப, கால் அதனோடு திரும்பிற்று. முழங்கால் தான் இன்னும் இருப்பதை நினைவூட்டிற்று.

படுத்தபடியே ஆகாயத்தைப் பார்த்து முடிவெடுத்தேன். நீளத்தில் குறைக்கலாம். பூட்டில் குறைக்கக்கூடாது.

ஆக, இரண்டுக்கும் நடுவில் ஒன்று – பெரியவர்களுக்கான கட்டை ஸ்கீ. நெஞ்சளவு. விழுந்தால் கழலும் முறையான பூட்டு. கடையில் அந்தப் பூட்டை அளவாக இறுக்குவதற்கு என் நிறை, உயரம், வயது எல்லாம் கேட்டு, "நீங்கள் எப்படிச் சறுக்குபவர்? கவனமாகவா, நடுத்தரமாகவா, ஆவேசமாகவா?" என்றும் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

குறை இல்லாமலில்லை. வேகம் போனால் நடுங்கும். எங்கள் ஒன்ராறியோக் குன்றுகளில் பாதி நாள் பனிக்குப் பதிலாகக் கண்ணாடிபோல உறைந்த ஐஸ்தான் கிடக்கும். அதில் கடகடவென்று பல்லுக் கிட்டுகிற மாதிரி அடிக்கும். சரி, மெதுவாகப் போனால் போகிறது. மெதுவாகப் போகத்தானே அரசாங்கம் பென்சன் தருகிறது?

குழந்தைகளின் சரிவில் இரண்டு நாள் பழகினேன். செவ்வாய்க்கிழமை வந்தது. அந்தக் கோலத்தில் நின்றபோதுதான் ஜெயக்குமார் மிச்சத்தைப் பற்றி விசாரித்தார். அதோடு விடவில்லை.

"அக்கா, இவரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போங்கோ. பனிக்குள்ளை துலைஞ்சிடுவார்."

பத்மா என் கால்களைப் பார்த்தார். சிரிப்பு வந்ததை மறைக்கவுமில்லை.

"நீர் முதல்லை உம்மடை கப்பலைக் கரையிலை கட்டும் ஜெயக்குமார்" என்றார். பிறகு என்னிடம், "வாங்கோ" என்றார்.

ஏறினோம். கதிரை பின்னால் வந்து முழங்காலுக்குக் கீழே தொட, உட்கார்ந்தோம். தரை விலகிற்று. நான் விதிப்படி தடுப்புக் கம்பியை இறக்கினேன். கண்ணாடி ஜன்னலும் என் வழமையான மேசையும் சின்னதாகிக் கீழே போயின.

பாதி வழியில் லிஃப்ற் நின்றுவிட்டது.

ஒரு சின்ன ஆட்டம். பிறகு ஒன்றுமில்லை. மரங்களின் உச்சிகள் எங்கள் காலுக்குக் கீழே. காற்று இல்லை. பனி மட்டும் நேராக, நிதானமாக, இறங்கிக்கொண்டிருந்தது. என் கட்டை ஸ்கீயிலும் அவருடைய ஸ்கீயிலும் அது ஒரே அளவாகச் சேர்ந்தது.

ஏன் நிற்கும், எப்படித் திரும்பத் தொடங்குவார்கள் என்ற நடைமுறை எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன்... சொல்லவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை. யாருக்கும் ஷிஃப்ற் இல்லை. எழும்பிப் போகவும் முடியாது. இத்தனை வருடத்தில் முதல்தரம், எங்கள் இரண்டு பேருக்கும் போவதற்கு ஓர் இடமில்லை.

பத்மா, முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"அந்த நாளையிலை, விடிய வந்து காரை நிப்பாட்டிப்போட்டு நான் உடனை இறங்கிறேல்லை. தெரியுமோ?"

"தெரியும். ஜன்னலாலை பார்க்கிறனான். உமக்கு இறங்க அலுப்பாக்கும் எண்டு நினைச்சன்."

"அலுப்புந்தான்." கையுறையால் என் பக்கத்துப் பனியைத் தட்டிவிட்டார். "ஆனா வின்ரரிலை நீங்கள் ஏறேக்கை சீற் சூடா இருக்கோணும் எண்டுதான் இருந்தனான். இறங்கினால் கெதியிலை ஆறிப்போடும்."

அந்தச் சூட்டை நான் இத்தனை காலமும் அந்தக் காரின் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

பனி பெய்தது. கம்பியில் கையை வைத்திருந்தோம். லிஃப்ற் மெல்ல முனகித் திரும்பவும் நகரத் தொடங்கியபோது, ஒரு நிர்வாகம் இவ்வளவு கெதியாக வேலை செய்ததே என்று எனக்கு முதன்முதலாகக் கவலை வந்தது.

இறங்கிவந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பத்மா ஒரு வளைவு எடுப்பார். நான் அதே இடத்தில் மூன்று சின்ன வளைவு எடுப்பேன். ஒருதரம் விழுந்தேன். பூட்டு விதிப்படி கழன்றது. அவர் நின்று, காத்திருந்தார். எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் என் கால்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும்.

அடிவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பத்மா கேட்டார்: "வாற செவ்வாய் கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடுவமே?"

நான் உடனே "ஓம்" என்றேன்.

உணவகத்துக்குள் போனால், என் ஜன்னலோர மேசையில் ஜெயக்குமார். கையில் கோப்பி. முழங்காலில் ஒரு பனிக்கட்டிப் பை. எங்களுக்குக் கொஞ்சம் பிந்திக் கதிரையில் ஏறப்போனபோது, அவருடைய ஸ்கீ நுனிகள் இரண்டும் கொழுவி, கதிரை தள்ளி, குப்புற விழுந்துவிட்டார். அவரைப் பிரித்தெடுக்கத்தான் லிஃப்றை நிறுத்தினார்களாம்.

"கால் சுகமோ?" என்று பத்மா உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லை அக்கா, வீக்கந்தான்." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்கீ கொஞ்சம் நீளம் கூடிப்போச்சு அண்ணை" என்றார்.

"இல்லைத் தம்பி" என்றேன். "அளவாத்தான் இருந்தது."