பெரியப்பாவின் இருபத்தேழு நாள்

என் பெரியப்பா பீரங்கி சுட்டவர் என்று கேட்டுத்தான் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் வளர்ந்தோம். ஆதாரம் ஒரே ஒரு போட்டோ. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம்; பிரெஞ்சுக் கப்பற்படை உடுப்பில், பீரங்கி மேல் கை வைத்தபடி நிற்பார். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பியவர், பிந்திக் கல்யாணம் செய்துகொண்டு, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். போரைப் பற்றி வாய் திறந்ததே இல்லையாம்.

அந்த மகன், என் அண்ணன், காரைக்கால் பட்டினச்சேரியில் புது வீடு கட்டினார். வாசல் சுவரில் கருங்கல் பதித்து, அப்பா பெயருக்குக் கீழே 'கப்பற்படை பீரங்கி வீரர்' என்று வெட்டுவதாக ஏற்பாடு. எந்தப் பீரங்கி என்றும் போட்டால் எடுப்பாக இருக்குமென்று பிரான்சிலிருந்து சேவைப் பதிவின் நகலை வரவழைத்தார். ஒரே தாள். முழுச்சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து, ஒரு புள்ளி.

"டாக்டரு கிறுக்குறதெல்லாம் படிக்கிறவதானே நீ. இதையும் படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள். என் தொழிலில் ஒரே விதிதான்: ஊகிக்கக் கூடாது. ஊகித்தால் ஆள் செத்துப்போவான். அதே எழுத்து வேறெங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் ஒரு வாரம் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினேன். பிறகு காரைக்காலில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்தாவிடம் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

தொழில் என்ற கட்டத்தில் சி, யூ, ஐ, ஒரு புள்ளி. நாலு கப்பல் மாறியிருக்கிறார், நாலிலும் அதே மூன்றெழுத்து.

"கியுஸினியே. சமையக்காரரும்மா" என்றார் சொல்தா.

பீரங்கி போயிற்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கட்டத்தைக் காட்டினேன். நாலு, எட்டு, பதினைந்து என்று எண்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஜே என்ற எழுத்து, பிறகு பி, ஆர், ஐ. ஜே என்றால் நாள், மற்றது சிறை என்றார். மூன்று முறை உள்ளே போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

"சாப்பாட்டக் கடல்ல எறிஞ்சாருன்னு இருக்கு. சண்ட நேரத்துல கப்பல்லேந்து ஒரு எலகூட வெளிய போடக் கூடாதும்மா. மெதக்குறத வச்சே நீர்மூழ்கிக்காரன் பின்னாலயே வந்துடுவான். ஒருதரம் சொன்னா கேக்க மாட்டாரா? திமிரு புடிச்ச மனுசன்."

சொல்தா தரைப்படைக்காரர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. நாங்கள் மீன்பிடிக்கிறவர்கள்; எங்கள் வீட்டு ஆண்கள் கடலில் சோறு ஆக்கினால் முதல் பிடி கடலுக்குத்தான். அதைப் போடாமல் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். என் அப்பா கட்டுச்சோறு கொண்டுபோனாலும் அப்படித்தான். அந்த ஒரு பிடியால் ஒரு கப்பலே மூழ்கியிருக்கலாம், அதையும் நினைத்துப் பார்த்தேன். பெரியப்பா செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு நாள் சிறையிலிருந்து வந்து மறுபடி போட்டிருக்கிறார், எட்டு நாள் இருந்துவிட்டு வந்து மறுபடியும். பீரங்கி மேல் கை வைத்து நிற்பதற்கு இத்தனை நெஞ்சழுத்தம் தேவையில்லை.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னதும் அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இத யாருட்டயும் சொல்லாத. சமையக்காரன், செயிலுக்குப் போனவன்னு கல்லுல வெட்டுனா ஊரே சிரிக்கும். பீரங்கின்னே இருக்கட்டும்."

"சோறு போட்டவரு இல்லாம எவன்ணே பீரங்கி சுட்டான்?" என்றேன்.

"வாயக் கொறச்சுக்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிண்ணே. நாளைக்கு மீன் புடிக்கக் கடலுக்குப் போறீங்கல்ல? மொதப் புடியக் கடலுக்குப் போடாம சாப்டுட்டு வாங்க. வந்துட்டீங்கன்னா கல்லுல பீரங்கின்னு நானே எழுதித் தர்றேன். உங்கள யாரும் செயில்ல போட மாட்டாங்க. ஒரே ஒரு நாள்."

அண்ணி என்னை முறைத்தார்.

மறுநாள் மத்தியானம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் அண்ணன் நின்றிருந்தார். கைலியெல்லாம் உப்பு. முறை வந்ததும் தூக்குவாளியை ஜன்னலில் வைத்துத் திறந்து காட்டினார். சோறு அப்படியே இருந்தது, மேலே மட்டும் ஒரு பிடி குறைந்திருந்தது.

"போடாம இருந்து பாத்தேன். பசிதான் மிச்சம். கடசில போட்டுட்டேன், அப்பா நெனப்புல அதுக்கப்புறமும் எறங்கல" என்றார். "என்ன வெட்டணுமோ எழுதிக் குடு."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: கப்பல் சமையல்காரர். கடலுக்கு முதல் பிடி போட்டதற்காக மூன்று முறை சிறை சென்றார். நாலு நாள், எட்டு நாள், பதினைந்து நாள்.

"கல்லுல எடம் பத்துமா? சுருக்கிக்கலாமா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்தும் சுருக்கக் கூடாது" என்றேன்.