சத்தம் கேட்கிற வேலை

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய ஹெட்போன் ஒன்று அகப்பட்டது. ஆசையாக மாட்டிப் பார்த்தேன். பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து தோளெல்லாம் கரி.

"இதையுமா வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

வைத்திருக்கிறேனே, என்ன செய்ய! அந்தப் பஞ்சில் எப்போதும் வேர்வையும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் நான் லைவ் மிக்ஸிங் ஆள். மண்டபத்து மூலையில் ஸ்விட்சரை வைத்துக்கொண்டு, எந்தக் கேமராவின் படம் டிவியில் வர வேண்டும், எந்த மைக்கின் சத்தம் டேப்பில் ஏற வேண்டும் என்று பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருப்பேன். படம் பார்க்க ஊரே இருக்கும். மைக்குகள் பேசுவதைக் கேட்க நான் ஒருவன்தான். மேடையில் யார் யாரை முணுமுணுத்துத் திட்டினார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பெருமையில் சாப்பாட்டைக்கூட மறந்திருக்கிறேன். பாயசத்தை மறந்ததில்லை.

சந்தனத்தில் ஆரம்பித்தேன், மனசு என்னவோ வேலம்பாளையத்துச் சர்ச்சுக்குப் போகிறது. அங்கே ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நிட்டிங் மிஷின்களுக்கு நடுவில் பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. ஆராதனை தொடங்குமுன் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எம்மவ சம்மதம்னு சொல்லுதது எங்காதுல விழணும். ஏதும் வழி இருக்காய்யா?"

அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து ஹெட்போனை அவருக்கு மாட்டினேன். அதில் கீபோர்டு வேண்டாம், கேமரா மைக் வேண்டாம். போதகர் கையிலிருந்த மைக் மட்டும், முழு வால்யூமில். எதையும் காதில் வாங்காமல், சத்தத்தின் அளவுக்கு ஏற்ப மிக்ஸரில் எரிகிற விளக்குகளை மட்டும் பார்த்து நான் மிக்ஸிங் செய்தது அன்றைக்குத்தான்.

போதகர் கேட்டார். பெண் உதடு பிரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பச்சை விளக்குகள் எரிந்து அணைந்தன.

"கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!"

ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரலின் அளவு தெரியுமா? சர்ச்சே அதிர்ந்தது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பெண் சிரித்துக்கொண்டே அழுதாள். அவ்வளவும் டேப்பில் ஏறியது.

எடிட்டிங்கில் முதலாளி முகம் சுளித்தார். "நல்ல நேரத்துல இந்தக் கத்தல் எதுக்கு கண்ணு? பாட்டப் போட்டா சுத்தமா இருக்கும்," என்று ஒரு பாட்டை வைத்து மூடிவிட்டார். அப்போது எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான் வழக்கம். டேப்பும், அதன் மேலேயே பதிவு செய்ய, அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டது.

போன வருஷம் அந்தப் பெண் எப்படியோ நம்பர் பிடித்து என்னைக் கூப்பிட்டாள். அப்பா தவறிவிட்டாராம்.

"அண்ணே, சிடில அப்பா கத்துனது இல்லியே. ஒங்ககிட்ட எங்கயாவது இருக்குமா?"

ஸ்டுடியோ இருந்த இடம் இப்போது பனியன் குடோன். அந்த டேப்பை ஓட்டுகிற மிஷினைக்கூட எங்கும் காணோம். ஆனால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்படி, அவர் கத்தியது போலவே போனில் கத்தினேன்.

"கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா இன்னும் சத்தமாச் சொன்னாவ, அண்ணே."