பூவுக்காக வைத்த இடிச்செடி

மாதினேயோ குனிந்து இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். சாம்பல் பூசின பச்சையில், கத்தி கத்தியாக நீண்ட இலைகள். நடுக்குருத்து வரைக்கும் விரலை விட்டுத் துழாவினாள். மொட்டைக் காணோம். இங்கே இதுதான் கோடை; ஜனவரி பாதி போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சதுப்பில் இந்நேரம் சரிவு முழுக்கச் சிவந்து கிடக்கும். இவள் வீட்டில் மட்டும் மூன்றாவது வருஷமாக வெறும் இலை.

வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சியாபாட்டா சிரித்தார். "தெனமும் இப்படித் தலையைப் பிரிச்சுப் பேன் பாத்தா அது எப்படி வளரும்?"

"நீங்க சும்மா இருந்தாலே அது வளரும்," என்றாள் அவள்.

சியாபாட்டா அவள் கணவர். சுரங்க வேலையில் முழங்கால் போய், மொகோட்லோங் மலையில் இருக்கும் இந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர். மாதினேயோ பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறாள். ஒரே மகள் தினேயோ தலைநகர் மசேருவில் தையல் ஆலையில் இருக்கிறாள். வீட்டு முற்றத்தில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ஒரு பீச் மரம். அதற்கு நடுவே இந்த லெல்வேலே செடி.

பள்ளிக்கூடத்துக்கு விறகு பொறுக்கப் போன ஒருநாள்தான் அந்தச் சதுப்பைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. அதில் ஆயிரம் பூக்கதிர்கள், மேலே செம்பவளம், கீழே வெண்ணெய் நிறம். விறகை இறக்கி வைத்துவிட்டு நின்றவள் நின்றவள்தான். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அவரைப்பயறு வேகத் தாமதமாகி, தலைமையாசிரியரிடம் ஏச்சும் வாங்கினாள். ஒரு தூராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்போதே மனசில் விழுந்துவிட்டது.

சதுப்பில் கை வைக்க ஊர்த்தலைவர் அனுமதி வேண்டும். போய்க் கேட்டாள்.

"எதுக்கு, இடிக்கா?" என்றார் தலைவர்.

வீட்டோரம் லெல்வேலே நின்றால் இடி விழாது என்பது ஊரறிந்த விஷயம். பார்ப்பதற்கு என்று சொன்னால் தலைவர் என்ன நினைப்பார்? சோற்றுக்கும் ஆகாத, மருந்துக்கும் ஆகாத ஒன்றை நட வயசான பொம்பிளை மலை ஏறுகிறாளா என்று சிரிப்பார்.

"ஆமாங்க, இடிக்குத்தான்," என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

இடிக்கு வைத்த செடி என்றால் ஆளாளுக்கு யோசனை சொல்லலாம் அல்லவா? அவள் வாசலருகே நட்டாள். இடி மேற்கிலிருந்துதான் வரும் என்று சியாபாட்டா அதைப் பிடுங்கி மேற்கு மூலையில் வைத்தார். அங்கே கூரை நிழல். மறு வருஷம் மாதாகோயில் பெண்கள் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்தால்தான் காவல் என்றார்கள். அவள் வேலைக்குப் போன நேரத்தில் அதுவும் நடந்தது. ஈரம் போதவில்லை என்று குழாயடிக்கு மாற்றியது அவளேதான். மகள் போனில் கேட்பாள்: "பூத்துச்சாம்மா? போட்டோ அனுப்பு." இவள் பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொல்வாள்.

அந்த மூன்றாவது வருஷம் பள்ளித் தோட்டத்தைப் பார்க்க விவசாய அதிகாரி ஒருவர் வந்தார். களியும் கீரையும் பரிமாறிவிட்டு மாதினேயோ மெதுவாக விஷயத்தை எடுத்தாள்.

"எத்தனை தடவை பிடுங்கி நட்டீங்கம்மா?"

"நாலு தடவைங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வருஷத்துக்கு ஒரு வீடு மாத்தினா நீங்களே சமைக்க மாட்டீங்க, அது எங்க பூக்கும்? காலடியில ஈரம் இருக்கட்டும். ரெண்டு வருஷம் யாரும் தொடாதீங்க. வேர் பிடிச்சாத்தான் கதிர் விடும்."

அன்று மாலையே குழாயடிச் செடியைச் சுற்றி முள்கம்பி கட்டினாள். "இதுக்குள்ள யார் கை வந்தாலும் விரலை எண்ணிப் பாத்துக்கங்க," என்று பொதுவாகச் சொன்னாள். கேட்பதற்கு அங்கே சியாபாட்டா ஒருவர்தான் இருந்தார்.

இரண்டு கோடை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்தாவது வருஷ ஜனவரியில் குருத்துக்குள் விரல் முனையளவு ஒரு கூம்பு தட்டுப்பட்டது. மூன்று நாளில் அது மூன்று கூம்பானது. யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை பார்த்தாள். தண்டு முழங்கை உயரம் வந்துவிட்டது. நுனியில் சிவப்பு ஏறத் தொடங்கியது. இன்னும் நாலு நாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது. சின்ன உருளைக்கிழங்கு அளவு ஒவ்வொன்றும். தகரக் கூரையில் அந்தச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. ஒரு வெளிச்சம், காது கிழிகிற ஓர் இடி. மழை விட்டதும் மாதினேயோ வெறுங்காலோடு ஓடினாள். இலைகள் நார் நாராகக் கிழிந்து கிடந்தன. மூன்று தண்டும் நடுவில் முறிந்து சேற்றில் விழுந்திருந்தன.

அடுத்த வீட்டிலிருந்து அலறல் கேட்டது. மாபொலோகோவின் மாட்டுக்கொட்டிலில் இடி விழுந்து உழவு மாடு ஒன்று செத்துப்போயிருந்தது. இந்த வீட்டில் கூரைத் தகரம் ஒன்றுகூட அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் சியாபாட்டா, மெய்சிலிர்த்துப் போய். "செடி காப்பாத்திருச்சு, தினேயோம்மா!"

அவள் முறிந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் மாடு செத்துக் கிடக்கும்போது ஒரு பூவுக்காக அழ முடியுமா? மாபொலோகோவுக்காக அழுவதுபோல அழுதுகொண்டாள்.

அதோடு விட்டதா? மறுவாரம் அவள் வேலை முடிந்து வந்தபோது முள்கம்பி ஒருபக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள். சியாபாட்டா மண்வெட்டியோடு நடுவில் நின்று, தூரைப் பிளந்து பிளந்து கல்யாண வீட்டில் இறைச்சி பங்கு போடுகிற மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறீங்க?" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஊரே கேக்குது, இல்லேன்னா சொல்ல முடியும்? நம்ம வீட்டுச் செடிக்கு அவ்வளவு சக்தி!"

"சக்தியாவது மண்ணாவது! அஞ்சு வருஷம், தினேயோப்பா! அஞ்சு வருஷம் நான் காத்துக் கெடந்தேன்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாபொலோகோ தன் பங்கைக் கம்பளிக்குள் அணைத்தபடி, "கோவிச்சுக்காதே அக்கா, உனக்கும்தான் ஒரு துண்டு மிச்சம் இருக்கே," என்றாள். மாட்டைப் பறிகொடுத்தவளிடம் எதைப் பேசுவது? மாதினேயோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் அடுப்பு மூட்டினாள், களி கிண்டினாள், கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மிச்சம் இருந்த துண்டு பிழைத்தது. ஆனால் மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த ஜனவரியில் இலை. அதற்கடுத்த ஜனவரியில், உப்பு கேட்க மாபொலோகோ வீட்டுக்குப் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

துணி துவைத்த தண்ணீரைக் கொட்டுகிற மூலையில், உடைந்த வாளிக்கும் சாணி வரட்டிக்கும் நடுவே நாலு கதிர்கள் நிமிர்ந்து நின்றன. மேலே சிவப்பு, கீழே வெண்ணெய். நீண்ட வாலுள்ள பச்சைத் தேன்சிட்டு ஒன்று தண்டில் தொற்றிக்கொண்டு தேன் குடித்தது.

"இது எப்போ பூத்துச்சு?"

"எது?" என்று மாபொலோகோ திரும்பிப் பார்த்தாள். "அதுவா? நாலஞ்சு நாள் இருக்கும். நட்டதோட சரி, நான் எங்க அதைப் பாத்தேன்? உனக்கு வேணும்னா தோண்டி எடுத்துக்கோ அக்கா. உன் செடிதானே."

"தொடாதே!" என்று மாதினேயோ போட்ட சத்தத்தில் சிட்டு பறந்துபோனது. "ஒருத்தரும் தொடக் கூடாது. அது அங்கேயே நிக்கட்டும்."

"ஏன் இப்படிக் கத்தறே? இடிக்கு இலை போதாதா?"

"நான் இடிக்கு வைக்கல, மாபொலோகோ. பாக்கறதுக்கு வச்சேன்."

மாபொலோகோ வாயைப் பிளந்தாள். "பாக்கறதுக்கா? இத்தனை வருஷமாவா?"

"ஏழு வருஷம்."

மாபொலோகோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு செடியின் பக்கம் திரும்பி, முதன்முறையாகப் பார்ப்பதுபோல் நின்றாள். "நல்லாத்தான் இருக்கு, சனியன்," என்றாள். உள்ளே போய் உப்போடு ஒரு முக்காலியும் கொண்டுவந்து போட்டாள்.

சிவப்பு முழுக்க வெளுக்கும் வரை, பதினைந்து நாள், மாதினேயோ வேலை விட்டதும் நேராக அங்கேதான் போனாள். மகளுக்குப் போட்டோ அனுப்பவில்லை. அடுத்தவள் வீட்டுக் குப்பை மூலையைப் படமெடுத்து என்னவென்று அனுப்புவது? அந்த வருஷமும் அவள் வீட்டுச் செடியில் இலைதான். தண்ணீர் ஊற்றும்போது அதை வாய்விட்டுத் திட்டினாள். ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.