தோல் காயும் இடத்தில் பழகிய கால்

இன்று வேலூரில் பந்தாட்டம். ஆம்பூர்க்காரர்கள் நாங்கள் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றோம். யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

நாங்கள் பந்து பழகியது தோல் பதனிடும் ஷாப்பின் பின்பக்கம், கழிகளில் காயும் தோல்களுக்கு நடுவே. பந்து பட்டால் தோலில் கறை விழும். அதனால் உருட்ட மட்டும்தான் அனுமதி. ஓங்கி உதைக்கக் காலைத் தூக்கினாலே பெருமாள் மேஸ்திரி "டேய்!" என்று கத்துவார்.

இன்றைக்கோ துரைமார் விளையாடும் மைதானம். எங்கு பார்த்தாலும் வெட்டவெளி. எங்கள் ஆட்களோ, அங்கே இல்லாத தோல்களைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடினார்கள். கூட்டம் சிரித்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் பாஷாவிடம் பந்து வந்தது. எதிரணியின் கோல் காப்பவர் வழுக்கி விழுந்து கிடந்தார். எங்களுக்காகவே வந்திருந்த மேஸ்திரி எழுந்து நின்று கத்தினார்: "டேய்! ஓங்கி உதைடா!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. பாஷா பந்தை மெல்ல உருட்டினான். எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜெயிக்கும் ஆசை பாஷாவின் மண்டை நிறைய இருந்தது. பயம்தான் காலில் ஊறிப்போயிருந்தது.

காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மேஸ்திரி வருத்தத்தோடு கேட்டார்: "இன்னாடா பாஷா, அவ்ளோ சத்தமா கத்துனேனே, காதுல வுழலியா?"

"வுழுந்துச்சு மேஸ்திரி. அதான் நின்னுட்டேன்."



அடுத்த ஆட்டத்துக்கு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போவதா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.